லாரியிலிருந்து குதித்தால் கணுக்கால் ஏன் மடங்குகிறது?

சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் கட்டுமான வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "லாரியின் பின்பக்கம் என் இடுப்பு உயரம்தான். தினமும் குதித்துத்தான் இறங்குகிறோம். திடீரென்று ஒருநாள் ஒருவருக்கு மட்டும் கால் மடங்கி வீங்கிவிடுகிறது. எப்படி?"

வேகக் கணக்கைச் சட்டென்று முடித்துவிடலாம். 1 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். முழங்காலை மடக்கினால் அது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும்; விறைத்து இறங்கினால் மொத்த அடியும் எலும்புக்கு. பள்ளியில் படித்ததுதான்.

எனக்குப் பிடித்த இடம் கணுக்கால். அங்கே தாலஸ் என்றொரு எலும்பு. அதன் மேற்பகுதி முன்னால் அகலம், பின்னால் குறுகல். கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் சேர்ந்த கவட்டைக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் அகலமான பகுதி ஆப்பு மாதிரி உள்ளே இறுகும். விரல்களைக் கீழே நீட்டினால் குறுகிய பகுதி உள்ளே வந்துவிடும், மூட்டு பக்கவாட்டில் ஆடும். கட்டிலில் உட்கார்ந்து பாதத்தைக் கையால் அசைத்துப் பாருங்கள், தெரியும். குதிப்பவருக்கு விரல்தான் முதலில் தரையைத் தேடுகிறது. மூட்டு தளர்ந்திருக்கும் அந்த நேரம் பார்த்து உடல் எடை வந்து இறங்குகிறது. காலடியில் ஒரு ஜல்லி கிடந்தாலும் போதும். பாதம் உட்பக்கம் புரண்டு வெளிப்பக்கத் தசைநார் கிழியும்.

தசை காப்பாற்றாதா? நேரம் கிடைத்தால் காப்பாற்றும். கால் புரளும் செய்தி தண்டுவடம் போய்த் திரும்பவே 60 மில்லிநொடிபோல ஆகிறது. தசை வலுவாக இழுக்க இன்னும் கொஞ்சம். அதனால் தரை எப்போது வரும் என்று உடல் முன்கூட்டியே கணித்து, கால் படுவதற்கு முன்பே தசைகளை இறுக்கிவிடுகிறது. தினமும் தப்பிப்பது இந்தக் கணிப்பால்தான். மழைநீர் பள்ளத்தை மறைத்தால், இருட்டில் தரை சரியாகத் தெரியாவிட்டால், கணிப்பு தப்பும்.

"நேரம் சரியில்லை" என்று வண்டியில் எலுமிச்சம்பழம் கட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. விபத்து அறிக்கையில் "கவனக்குறைவு" என்று எழுதி முடிப்பதும் ஏறக்குறைய அதே ரகம்தான். சிங்கப்பூரில் 3 மீட்டருக்கு மேல் விழும் ஆபத்துள்ள வேலைக்கு அனுமதி முறை உண்டு. லாரி அந்த உயரத்துக்கு வராது, அதனால் அந்த முறைக்குள்ளும் வராது.

சரி, எப்படி இறங்குவது? வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை எப்போதும் பிடிப்பில் இருக்க வேண்டும். எடையில் ஒரு பங்கைக் கை தாங்கும். குதிகால் தரையில் பதிந்த பிறகே மிச்சம் காலில் ஏறும். பின்பலகையைத் திறந்ததும் பிடிக்க எதுவுமே இல்லாத லாரியில் இதைச் சொல்லிப் பயனில்லை. ஏணியும் கைப்பிடியும் பொருத்தச் சொல்லி அடுத்த டூல்பாக்ஸ் மீட்டிங்கில் (வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில்) கேளுங்கள்.