கம்மங்கூழும் இனோசிட்டாலும்

சித்திரை வெயிலில் மதுரை வீதியோரக் கூழ்வண்டியில் ஒரு சொம்பு கம்மங்கூழ் வாங்கி, சுண்டைக்காய் வற்றலைக் கடித்துக்கொண்டே குடிப்பவர், இனோசிட்டால் என்னும் ஒரே மூலக்கூறை மூன்று வேடங்களில் சந்திக்கிறார். கம்பு மணிக்குள் அது பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் கிடங்கு. வற்றலின் கசப்பை உணரும் நாக்குச் செல்லில் அது செய்தி சுமக்கும் தூது. கூழின் மாவுச்சத்து சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறியபின், இன்சுலினின் கட்டளை தசைச் செல்லுக்குள் பரவுவதும் அதன் வழியாகத்தான்.

ஆறு கார்பன்கள் கைகோத்த வளையம், ஒவ்வொரு கார்பனிலும் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதி: இனோசிட்டாலின் அமைப்பு இவ்வளவே. அணுக்களின் எண்ணிக்கையில் குளுக்கோஸுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை; அவை கோக்கப்பட்ட விதம்தான் வேறு. ஹைட்ராக்சில் தொகுதிகள் மேலும் கீழுமாக நிற்கும் முறையைப் பொறுத்து இதற்கு 9 மாற்றியங்கள் உண்டு. உயிர்களில் மிகுதியாக இருப்பது மையோ-இனோசிட்டால். 1850இல் ஷெரர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இதைத் தசையிலிருந்து பிரித்தெடுத்ததால், தசைநாரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இதற்குப் பெயராயிற்று. ஒரு காலத்தில் இதை பி வகை வைட்டமின்களோடு சேர்த்து எண்ணினார்கள். ஆனால் நம் உடல் குளுக்கோஸிலிருந்து இதைத் தானே செய்துகொள்கிறது. சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 4 கிராம் தயாரிக்கின்றன என்னும்போது, உணவில் கிடைக்கும் ஏறத்தாழ ஒரு கிராமை நம்பியிருக்கும் பொருளாக இதைக் கருத முடியாது.

வளையத்தின் ஆறு இடங்களிலும் பாஸ்பேட் ஏறினால் கிடைப்பது பைட்டிக் அமிலம். தானியங்களும் பயறுகளும் தம் பாஸ்பரஸின் பெரும்பகுதியை, முளைக்கும் நாளுக்கென்று, இந்த வடிவில்தான் கட்டிவைக்கின்றன. எதிர்மின்னேற்றம் மிகுந்த இம்மூலக்கூறு இரும்பு, துத்தநாகம் போன்ற உலோக அயனிகளை இறுகப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடியை விடுவிக்கும் பைட்டேஸ் நொதி மனிதக் குடலில் மிகக் குறைவு. ஊறும்போதும் முளைவிடும்போதும் தானியத்தின் சொந்தப் பைட்டேஸ் வேலை செய்யத் தொடங்குகிறது. புளிக்கும்போது நுண்ணுயிர்களும் அமிலமும் அதற்குத் துணை நிற்கின்றன. கம்பு மாவைக் கரைத்து ஓர் இரவு புளிக்கவிட்டு மறுநாள் காய்ச்சியவர்கள் இதையெல்லாம் எண்ணிச் செய்திருக்கமாட்டார்கள். புளிப்புச் சுவைக்காகவே செய்திருப்பார்கள், ஆனாலும் பலன் பலன்தான். பேரையூர்ப் பக்கத்துக் குதிரைவாலியானாலும் கேழ்வரகானாலும், பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் இரும்புச்சத்தின் அளவு, அதில் எவ்வளவு உடம்பில் சேரும் என்பதைச் சொல்வதில்லை.

செல்லுக்குள் நடப்பது இதைவிட நுட்பமானது. செல் சவ்வின் உட்புறத்தில், கொழுப்பு வால் ஒன்றோடு ஒரு பாஸ்பேட் வழியாகப் பிணைந்தபடி இனோசிட்டால் வளையங்கள் நிற்கின்றன. அவற்றில் சிலவற்றின் நான்காம், ஐந்தாம் இடங்களிலும் பாஸ்பேட் ஏறியிருக்கும். கசப்புப் பொருள் செல்லுக்குள் நுழைவதில்லை. வெளியே உள்ள ஏற்பியைத் தொடுவதோடு அதன் வேலை முடிகிறது. அந்தத் தொடுதலால் தூண்டப்பட்ட பாஸ்போலைபேஸ் சி என்னும் நொதி, வளையத்தைக் கொழுப்பு வாலிலிருந்து வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட துண்டு மூன்று பாஸ்பேட்டுகளைச் சுமந்த இனோசிட்டால் முப்பாஸ்பேட்; நீரில் கரையும் இத்துண்டு செல்லுக்குள் பரவி, செல்லின் கால்சியக் கிடங்கான எண்டோபிளாச வலையிலுள்ள கால்சியம் வாயில்களைத் திறக்கிறது. செல்லின் உள்நீரில் கால்சியத்தின் செறிவு வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கே வைக்கப்பட்டிருப்பதால், சிறிதளவு கசிந்தாலும் அது பெரிய செய்தியாகிவிடுகிறது. நாக்கில் அது நரம்புக்குக் கசப்பைச் சொல்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பியில் நீரை ஊறச் செய்கிறது. கணையத்தில் செரிமான நொதிகளை வெளியேற்றுகிறது. கூழின் புளிப்புக்கும் உப்புக்கும் நாக்கில் வேறு வழிகள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கதை துலங்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1953இல் உயிர்வேதியியலாளர்களான ஹோக்கின் தம்பதியர், புறாவின் கணையத் துண்டுகளை, நரம்புச் செய்தி கடத்தும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலினால் தூண்டியபோது சவ்வுக் கொழுப்புகளில் பாஸ்பேட் விரைந்து மாறுவதைக் கண்டார்கள். அதற்கும் கால்சியத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று 1975இல் ராபர்ட் மிச்செல் வாதிட்டார். இடையில் நிற்பது இனோசிட்டால் முப்பாஸ்பேட் என்று மைக்கேல் பெரிட்ஜும் அவருடன் உழைத்தவர்களும் 1983இல் காட்டினார்கள்.

இன்சுலின் வரும்போது வளையம் வெட்டப்படுவதில்லை. சவ்விலேயே இருக்கும் வளையத்தின் மூன்றாம் இடத்தில் ஒரு நொதி இன்னொரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அந்த அடையாளத்தைக் கண்டு அங்கே கூடும் புரதங்கள், குளுக்கோஸை உள்ளே விடும் கடத்திகளைச் சவ்வுக்கு அனுப்பிவைக்கின்றன. அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றுவது பிடென் என்னும் புரதம். அது பழுதடைந்தால் வளர்ச்சிக் கட்டளை அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். பல புற்றுநோய்களில் இப்பழுது காணப்படுகிறது.

இன்சுலினோடு உள்ள இந்த உறவைச் சொல்லித்தான், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களுக்கு இனோசிட்டால் பொடி விற்கப்படுகிறது. மையோ வடிவத்தையும், இன்னொரு மாற்றியமான டி-கைரோ வடிவத்தையும் 40:1 என்ற விகிதத்தில் கலந்த பொட்டலங்கள் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. சில ஆய்வுகளில் பயன் தென்பட்டிருக்கிறது, பக்கவிளைவுகளும் குறைவு. ஆயினும் 2023இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் சான்றுகள் போதாமையைச் சுட்டுகிறது. விளம்பரங்களின் உறுதிக்கு அறிவியலில் அந்த அளவு ஆதாரம் இல்லை என்பதே என் கணிப்பு. விலை கொடுத்து வாங்குமுன் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

வேலை முடிந்த முப்பாஸ்பேட்டிலிருந்து பாஸ்பேட்டுகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு, வெற்று வளையம் மீண்டும் சவ்வுக்குத் திரும்புகிறது. கடைசிப் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியை லித்தியம் தடுக்கிறது. இருமுனை மனநோய்க்குப் பல பத்தாண்டுகளாகத் தரப்படும் இந்த எளிய உப்பு, அளவு மீறித் தூண்டப்பட்ட மூளைச் செல்களில் இனோசிட்டாலை வற்றச் செய்தே பயனளிக்கிறது என்பது பெரிட்ஜ் முன்வைத்த கருதுகோள். லித்தியம் வேறு நொதிகளையும் தடுப்பதால், அந்த வாதம் இன்னும் தீரவில்லை.