கூண்டுக்குள் இருப்பது எந்த முராய்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் விலங்கு கிளினிக்குக்கு முராய் என்கிற பாடும் பறவையைக் கூண்டோடு கொண்டுவருகிறவர்கள் பலர் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர், இது கம்பத்து முராயா, முராய் பத்துவா?" விலை தெரிந்துகொள்ளத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி வேறு விதத்தில் முக்கியம். அந்தப் பறவை எங்கே பிழைக்கும் என்பது அதைப் பொறுத்தது.

இரண்டும் நெருங்கிய சொந்தம். வளர்ந்த ஆண் பறவைகளைப் பார்த்தால் குழப்பமே வராது. கம்பத்து முராய், அதாவது வண்ணாத்திக்குருவி, கறுப்பும் வெள்ளையும். முராய் பத்து என்கிற சோலைப்பாடிக்கு வயிறு செம்பழுப்பு, வால் நீளம். குஞ்சுகளில்தான் சிக்கல், இரண்டுமே பழுப்பாக, நெஞ்சில் புள்ளியோடு இருக்கும். இறக்கையில் வெள்ளைப் பட்டை இருந்தால் கம்பத்து முராய். பட்டை இல்லாமல் வால் தொடங்கும் இடம் வெள்ளையாக இருந்தால் முராய் பத்து.

கம்பத்து முராய் தாமான் என்கிற குடியிருப்புகளின் வேலியிலும் கோயில் மரத்திலும் வாழும், சுவர்ப் பொந்தில்கூடக் கூடு கட்டும். முராய் பத்துவுக்கு நிழலடர்ந்த காடு வேண்டும். மனசு கேட்காமல் அதைக் காசு கொடுத்து வாங்கி, செம்பனைத் தோட்டத்தில் பறக்கவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அங்கே அது பிழைப்பது கஷ்டம். விற்றவரும் அடுத்ததைப் பிடிக்கப் போவார். பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்குத் துறையிடம் ஒப்படையுங்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் முராய் பத்து வளர்ப்பது குற்றம். 2022இல் சைட்டீஸ் என்கிற உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் அதைச் சேர்த்துவிட்டார்கள்.

"கம்பத்து முராய்தான் எங்கேயும் இருக்கிறதே" என்பார்கள். சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் எங்கேயும் இருந்தது. பிடித்துப் பிடித்தே அரிதாகிப்போனது. 2015 முதல் 2020 வரை மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றிலும் பறிமுதலானவை மட்டும் கிட்டத்தட்ட 27,000.

என்னிடம் வரும் குஞ்சுகளில் கால் வளைந்தவை உண்டு. கடையில் வாங்கிய சில்வண்டை மட்டும் கொடுத்து வளர்த்திருப்பார்கள். அதில் கால்சியம் மிகக் குறைவு. எலும்பு வளைந்த பிறகு மருந்தால் பெரிதாகச் சரிசெய்ய முடிவதில்லை.

சரி, குஞ்சு தரையில் கிடந்தால்? இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் தத்திப் போனால் அது பறக்கப் பழகுகிறது. பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. ரத்தமோ தொங்கும் இறக்கையோ தெரிந்தால், தண்ணீர்கூட ஊட்டாமல், காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து உடனே கொண்டுவாருங்கள்.