பாலை நிறுத்தியது போதும், ஸ்டேட்மென்டை எடுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மதுரையில் என் வீட்டு முன்னறையில் ஒரு தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். கணவர் தனியார் தொழிற்சாலையில் ஷிப்டு மேற்பார்வையாளர். பிடித்தமெல்லாம் போகக் கையில் வருவது 58,000 ரூபாய். மனைவியின் கையில் நூறு பக்க நோட்டு ஒன்று. கறிவேப்பிலை கொத்தமல்லி 10, மாவு 40, பூ 20 என்று மூன்று மாதச் செலவை ஒருநாள் விடாமல் எழுதியிருந்தார். நான் அதைப் புரட்டுவதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

“குறைக்க வேண்டியதையெல்லாம் குறைத்துவிட்டோம் மேடம். பாலில் அரை லிட்டர் நிறுத்தியாயிற்று. பேப்பர் நிறுத்தியாயிற்று. பாத்திரம் தேய்க்க வந்த அம்மாவையும் நிறுத்தியாயிற்று. அப்படியும் இருபதாம் தேதிக்கு மேல் கையைக் கடிக்கிறது. இவள் எங்கேயோ கோட்டை விடுகிறாள்.”

அந்த அரை லிட்டர் யாருடைய பங்கு என்று கேட்டேன். பதில் வரவில்லை. மனைவிதான் மெதுவாகச் சொன்னார்: “அத்தை ராத்திரி ஒரு தம்ளர் குடித்துவிட்டுப் படுப்பார்கள். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.” அத்தைக்கு வயது எழுபத்து நான்கு.

இதே கதையோடு வந்தவர்களை எண்ணுவதை நான் நிறுத்திப் பல நாளாகிறது. இந்த முறை பொறுக்கவில்லை, எழுதுகிறேன். வங்கியில் 27 வருடம், அதில் பாதிக்கு மேல் கடன் பிரிவில் இருந்துவிட்டு வெளியே வந்தவள் நான். தெரிந்தவர்கள் சொல்லி வருகிறவர்களுக்குக் குடும்பக் கணக்கைப் பார்த்துக் கொடுக்கிறேன். வருகிற வீடுகளில் பெரும்பாலானவை முதலில் கைவைப்பது அடுப்படியில்தான்.

வீட்டுச் செலவு என்றாலே அடுப்படிச் செலவு என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது? எனக்குத் தோன்றுவது இதுதான். காய்கறிக்காரரிடம் ரூபாயை எடுத்துக் கொடுக்கிறோம், பேரம் பேசுகிறோம், தினமும் கொடுக்கிறோம். அது கண்ணில் படுகிறது, உறுத்துகிறது. 23,000 ரூபாய்த் தவணை மாதத்தில் ஒருநாள் விடியற்காலை நாம் தூங்கும்போதே கணக்கிலிருந்து போய்விடுகிறது. அதை யாரும் செலவாக நினைப்பதே இல்லை; வீட்டு வாடகைபோல, வெயில்போல, இருந்துதான் தீரும் என்று விட்டுவிடுகிறார்கள். கடுகு போன இடத்தை ஆராய்கிறவர்களுக்குப் பூசணிக்காய் போன இடம் தெரியாது என்று பாட்டி காலத்திலேயே சொல்லிவிட்டார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுப்படிச் செலவைக் குறை என்றால் திட்டு வாங்க வீட்டில் ஓர் ஆள் தயாராக இருக்கிறார். அந்த நோட்டில் பூ 20 ரூபாய் இருந்தது. கணவரின் பெட்ரோல் ஒரு வரிகூட இல்லை.

கணக்காகவே பார்ப்போம். இந்த வீட்டில் ஐந்து பேர். மளிகை, காய்கறி, பால், காஸ் எல்லாம் சேர்த்து மாதம் 14,500 ரூபாய். இதில் பத்தில் ஒரு பங்கை வெட்டினால் ஐந்து பேருக்கும் தட்டில் தெரியும், கிடைப்பது 1,450. நிறுத்திய அரை லிட்டர் நீல பாக்கெட் நாளுக்கு 20 ரூபாய் வீதம் மாதம் 600. பாத்திரம் தேய்த்தவருக்குக் கொடுத்தது 1,500. பேப்பர் சுமார் 250. ஆக 2,350 ரூபாய்க்காக ஒரு பாட்டியின் இரவுப் பாலும், ஒரு ஏழைப் பெண்ணின் வேலையும், வேலைக்குப் போகாவிட்டாலும் காலை ஐந்து மணிக்கு எழுகிற மனைவியின் முதுகும் போயிருக்கின்றன. இதற்குப் பெயர் சிக்கனம் என்றால் எனக்கு அந்தச் சிக்கனம் புரியவில்லை.

நோட்டை மூடி வைத்துவிட்டு ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்டைக் கேட்டேன். கணவர் முகம் சுருங்கியது. டாக்டரிடம் சட்டையைக் கழற்றத் தயங்காதவர்கள்கூட ஸ்டேட்மென்டைக் காட்டச் சொன்னால் நெளிவார்கள். என் தொழிலில் இது பழகிப்போனது. கைப்பேசியிலேயே இறக்கி என் பிரிண்டரில் எடுத்தோம். பென்சிலோடு உட்கார்ந்தோம்.

முதல் பக்கத்திலேயே கிரெடிட் கார்டு. பாக்கி 62,000. மகளின் சடங்குக்கு வாங்கியது, பதினான்கு மாதமாக மினிமம், அதாவது கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி வருகிறார். “ஒரு மாதம்கூடத் தவறியதில்லை மேடம்” என்றார், அதில் பெருமை வேறு. அந்தக் கார்டுக்கு மாதம் மூன்றரை சதவீத வட்டி, வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சேர்த்து 2,560 ரூபாய். அவர் கட்டுகிற 3,100-ல் அசலுக்குப் போவது 540. மினிமம் மட்டும் கட்டிவரும்போது புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதை அவர் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார். பாட்டியின் பால், வேலைக்கார அம்மா, பேப்பர் மூன்றையும் விழுங்கிவிட்டு மேலும் 210 ரூபாய் கேட்கிறது அந்த ஒற்றை வரி.

அதே ஸ்டேட்மென்டில் மாதம் 3,000 ரூபாய் ஆர்டி, மாதாமாதம் போட்டு வரும் தொடர் சேமிப்பு. மகள் படிப்புக்காம். வட்டி ஆறரை சதவீதம். வருடத்துக்கு 42 சதவீத வட்டிக் கடனை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் ஆறரை சதவீதத்துக்குச் சேமிக்கிறார்கள்! ஆர்டியில் 60,000-க்கு மேல் சேர்ந்திருந்தது. அதை முடித்துக் கார்டுக் கடனை அடைத்துவிடுங்கள், அடைத்த மறுமாதத்திலிருந்து பழையபடி ஆர்டி போடுங்கள் என்றேன். மகள் பணத்தை எப்படித் தொடுவது என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அந்தப் பணத்தைக் கார்டு ஏற்கெனவே தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்று புரியவைக்க ஒரு காபி நேரம் ஆனது.

அடுத்தது வீட்டுக் கடன். 2017-ல் வாங்கியது. மீதி 20 லட்சம், இன்னும் 12 வருடம், வட்டி 9.5 சதவீதம். மாறும் வட்டி என்று பத்திரத்தில் இருக்கிறதே, தானாகக் குறைந்துகொள்ளாதா என்றார். குறையும், ஆனால் பழைய முறைக் கடன்களில் மெதுவாக, குறைய மனமில்லாமல் குறையும். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியோடு இணைத்தன. அதற்கு முன் வாங்கியவர்கள் எழுதிக் கேட்டு, கட்டணம் இருந்தால் கட்டி, மாறிக்கொள்ளலாம். ரெப்போ 2025 பிப்ரவரி தொடங்கி டிசம்பருக்குள் 6.50-லிருந்து 5.25 சதவீதத்துக்கு இறங்கியது. அவருக்கு 8 சதவீதம் கிடைத்தால் தவணை 23,327-லிருந்து 21,650-க்கு வரும். மாதம் ஏறத்தாழ 1,680 ரூபாய், ஒரே ஒரு மனுவில். நான் வங்கியில் இருந்த காலத்தில் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து சொல்ல முடியாததை இப்போது சொல்கிறேன்: அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். உங்கள் வட்டி அதிகம் என்று வங்கி உங்களைத் தேடிவந்து சொல்லாது.

மற்றவை உதிரி. ஆனால் உதிரிகளைப் பார்க்கும்போதுதான் எனக்கு எரிச்சல் அதிகமாகும், ஏனென்றால் அவற்றை நிறுத்த ஐந்து நிமிடம் போதும். வண்டிக் கடன் தவணை 5-ஆம் தேதி, சம்பளம் 7-ஆம் தேதி. கணக்கில் பணமில்லை என்று ஆறு மாதத்தில் இரண்டு முறை தலா 590 ரூபாய் அபராதம். தவணைத் தேதியை 10-க்கு மாற்றித் தரச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்திருக்கலாம். எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்ட பழைய கைப்பேசிக்கு இன்னமும் பாதுகாப்புத் திட்டக் கட்டணம் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் இலவசச் சோதனைக்காகச் சேர்ந்த ஓடிடி ஒன்று. மத்திய அரசின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய் பிரீமியம் இரண்டு வங்கிக் கணக்கிலிருந்து. ஒருவருக்கு ஒரு கணக்கு வழியாக மட்டும்தான் அந்தக் காப்பீடு, இரண்டு முறை கட்டினாலும் இரண்டு லட்சத்துக்கு மேல் வராது. கார்டு வழியாகத் தானாகப் பிடிக்கிற தொகைக்கு ஒருநாள் முன்னதாகவே தகவல் அனுப்ப வேண்டும் என்பது 2021 அக்டோபரிலிருந்து நடைமுறை. அனுப்பத்தான் செய்கிறார்கள். ஓடிபி தவிர வேறு எஸ்எம்எஸ் எதையும் நாம் படிப்பதில்லை. யுபிஐ செயலியில் ஆட்டோ பே என்ற பகுதியை ஒருமுறையாவது திறந்து பாருங்கள். நீங்கள் மறந்த எத்தனையோ பேர் அங்கே வரிசையில் நிற்பார்கள்.

கைப்பேசி ரீசார்ஜை அந்த அம்மா மாதச் செலவாக எழுதியிருந்தார். 28 நாள் திட்டம் வருடத்துக்குப் பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று. பாட்டியின் பட்டன் போனுக்கும் டேட்டாவோடு சேர்ந்த திட்டம் போட்டிருந்தார்கள். பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டுமான திட்டங்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் சொல்லிவிட்டது; கடைக்காரர் அவராகச் சொல்ல மாட்டார், கேளுங்கள்.

மின்கட்டணத்தில் மட்டும் சற்று நிற்க வேண்டும். அட்டையில் இரண்டு மாதத்துக்கு 524 யூனிட். நான் 2022 செப்டம்பர் கட்டணப் பட்டியலை வைத்துப் போட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகும் கட்டணம் ஏறியிருக்கிறது, கணக்கின் போக்கு விளங்க இது போதும். 500 யூனிட்டோடு நின்றால் 1,725 ரூபாய். 524 ஆனால் 2,142. அதிகப்படியான 24 யூனிட்டுக்கு 417 ரூபாய். ஐந்நூறைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கீழே 101 முதல் 200 வரைக்கும் சலுகை விலை போய்விடும். வீட்டில் எந்தெந்தச் சாதனம் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மோட்டார் எப்போது நிறுத்துவீர்கள் என்றதும் அந்த அம்மா சிரித்துவிட்டார்: “தொட்டி நிரம்பி சன்ஷேடு வழியாகத் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டால் நிறுத்துவோம்.” ஒரு குதிரைத்திறன் மோட்டார் தினம் அரை மணி நேரம் வீணாக ஓடினால் இரண்டு மாதத்தில் இருபத்தைந்து யூனிட்டுக்குக் குறையாது. கணக்கெடுப்பாளர் வருகிறவரை காத்திராதீர்கள்; நாற்பத்தைந்தாம் நாள் நீங்களே மீட்டரைப் பார்த்து எழுதி வையுங்கள்.

எல்லாம் முடிந்து எழும்போது கணவர் தானாகவே ஒரு யோசனை சொன்னார்: “மருத்துவக் காப்பீட்டை இந்த வருடம் விட்டுவிடலாமா? நான்கு வருடமாகக் கட்டுகிறோம், ஒரு பைசா வாங்கியதில்லை.” கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், இதை மட்டும் செய்யாதீர்கள். விட்டுவிட்டு மறுபடி புதிதாகச் சேர்ந்தால், ஏற்கெனவே இருக்கிற சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து ஓடும், மூன்று வருடம்வரை. தவிர, 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை. புதுப்பிக்கும் ரசீதில் வரி என்று எதுவும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், போட்டிருந்தால் கேளுங்கள். சேமிப்பும் ஆயுள் காப்பீடும் சேர்ந்த பழைய எண்டோமென்ட் பாலிசி வைத்திருப்பவர்களும் கோபத்தில் ஓடிப்போய்ச் சரண்டர் செய்ய, அதாவது பாதியில் முடித்துப் பணம் வாங்க வேண்டாம். சரண்டர் செய்தால் எவ்வளவு, இனிமேல் பிரீமியம் கட்டாமல் அப்படியே விட்டால் முதிர்வில் எவ்வளவு என்று இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

வருடச் செலவுகளைப் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் சேர்க்கச் சொல்லி அனுப்பினேன்: ஜூனில் பள்ளிக் கட்டணம், தீபாவளி, வண்டி இன்சூரன்ஸ், ஆவணியிலும் தையிலும் மொய். மொய் நோட்டைப் பார்த்தால் போன வருடம் எவ்வளவு போயிற்று என்று தெரிந்துவிடும், யாரும் பார்ப்பதில்லை. சொத்து வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை உண்டு.

அடுப்படியில் குறைக்க ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. அட்டை இருக்கிறது, வாங்குவதில்லை. கணவருக்கு வரிசையில் நிற்கக் கூச்சம், மனைவியை அனுப்பவும் கௌரவக் குறைச்சல். அம்மாவின் பாலை நிறுத்தும்போது அந்தக் கௌரவம் எங்கே போயிருந்தது என்று வாய்வரை வந்தது. வயதில் சின்னவர், விட்டுவிட்டேன்.

மூன்று நாள் முன்னால் அந்த மனைவி போன் செய்தார். ஆர்டியை முடித்துக் கார்டை அடைத்துவிட்டார்களாம். பால் மறுபடி ஒன்றரை லிட்டர். மோட்டாருக்கு அலாரம் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். வீட்டுக் கடன் மனு மட்டும் வங்கியில் அப்படியே கிடக்கிறது, மேலாளர் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாராம். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினீர்களா என்று கேட்டேன். வாங்கவில்லை. திங்கட்கிழமை கணவரை லீவு போட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.