தண்ணீர் வராத வீட்டுக்கு ஏன் வெள்ளக் காப்புறுதி?

மூதூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வங்கிக் கடனில் வீடு வாங்கியிருக்கிறார். அந்த வீட்டுக்குள் ஒருநாளும் வெள்ளம் வந்ததில்லை. ஆனாலும் வங்கியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது: வரைபடம் திருத்தப்பட்டு உங்கள் வீடு வெள்ள வலயத்துக்குள் வந்துவிட்டது, 45 நாட்களுக்குள் வெள்ளக் காப்புறுதி எடுங்கள். "காணி இருந்த இடத்திலேதானே இருக்கிறது, வலயம் எப்படி மாறும்?" என்கிறார். 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் மழையில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து ஊர் மூழ்கியதைக் கண்ட நாங்கள் எல்லாரும் கேட்கவேண்டிய கேள்வி இது.

முதலில் சட்டம். அமெரிக்க அரசு 1968இல் வெள்ளக் காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கியது. 1973இல், வெள்ள வலயத்துக்குள் கடனில் வாங்கும் வீடுகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. உரிமையாளர் எடுக்காவிட்டால் வங்கியே எடுத்துக் கட்டணத்தை அவர் தலையில் போட்டுவிடும்.

இந்த வலயம் பழைய வெள்ளம் நின்ற இடத்தின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எந்த ஓர் ஆண்டிலும் வெள்ளம் வர 1% வாய்ப்புள்ள நிலத்தின் எல்லைதான் அது. இதையே 'நூறாண்டு வெள்ளம்' என்கிறார்கள். அந்தப் பெயரால் வந்த வினைதான், ஒருமுறை வந்துவிட்டால் இனி நூறு ஆண்டுக்குப் பயமில்லை என்ற நம்பிக்கை. ஆற்றுக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. அடுத்த ஆண்டும் அதே 1%தான். 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு தடவையாவது வெள்ளம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 26%.

அந்த எல்லையை நகர்த்துவதில் ஒன்று மழைக் கணக்கு. 2018இல் டெக்சாஸின் மழைப் பதிவுகளை மறுபடி ஆராய்ந்தபோது, ஹூஸ்டனின் சில பகுதிகளில் 24 மணிநேர நூறாண்டு மழை 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக உயர்ந்தது. வயல்வெளி சீமெந்துத் தரையானாலும் எல்லை நகரும், வாய்க்கால் அகலமானாலும் நகரும். இதெல்லாம் எளிதில் விளங்கும். என்னை வியக்க வைப்பது மற்றது: மண்ணின் உயரத்தை அளப்பது.

மகாவலி கொட்டியாரக்குடாவில் விழும் கழிமுகம் போன்ற தட்டை நிலத்தில், 2,000 மீற்றர் நடந்தால் 1 மீற்றர் மட்டுமே உயரும் ஒரு வெளியை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே உயரத்தை வெறும் 30 சென்ரிமீற்றர் பிழையாக அளந்தால், வெள்ளத்தின் விளிம்பு 600 மீற்றர் தள்ளிப்போகும். ஒரு முழங்கூட இல்லாத பிழை ஒரு கிராமத்தையே வலயத்துக்குள் இழுக்கும், அல்லது வெளியே தள்ளும்.

2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் கொண்டு 11 நாட்களில் உலகின் பெரும்பகுதியை அளந்தது. மகத்தான வேலை. ஆனால் அந்த ரேடார் அலைகள் அடர்ந்த மரங்களின் அடிமண் வரை போகவில்லை. ஓலைக்கும் தரைக்கும் நடுவே எங்கோ திரும்பிவிட்டன. அதனால் தென்னந்தோப்பு அந்தப் படத்தில் மேடாகத் தெரியும். கணினியில் வெள்ளத்தை ஓடவிட்டால், உண்மையில் இல்லாத அந்த மேட்டைத் தண்ணீர் சுற்றிப் போகும். தோப்புக்குள் இருக்கும் வீடு பத்திரமாக இருப்பதாகக் காட்டும்.

லேசர் இதைத் தீர்த்த விதம்தான் அழகு. விமானம் ஒன்று நொடிக்குப் பல இலட்சம் ஒளித் துடிப்புகளைக் கீழே அனுப்புகிறது. ஒரு துடிப்பின் ஒரு பகுதி ஓலையில் பட்டுத் திரும்பும், இன்னொரு பகுதி கீழே உள்ள செடியில். மீதி ஓலைகளின் இடைவெளியால் நழுவித் தரையைத் தொட்டுத் திரும்பும். ஒளி ஒரு நனோசெக்கனில் 30 சென்ரிமீற்றர் போகிறது. போய்வரும் தூரம் என்பதால், ஒரு நனோசெக்கன் தாமதம் 15 சென்ரிமீற்றர் உயர வித்தியாசம். கடைசியாக வந்த எதிரொலிகளைப் பொறுக்கி, அவற்றிலும் தரையைத் தொடாதவற்றைக் கணினி விலக்கிவிடுகிறது. ஒரு மரத்தையும் வெட்டாமல் தோப்பு முழுவதும் அகற்றப்பட்டு, மண் மட்டும் 10 சென்ரிமீற்றர் அளவு துல்லியத்தில் தெரிகிறது. வரம்பும் வாய்க்காலும்கூடப் புலப்படும். தம்பியின் வீடு அசையவில்லை. அதன் உயரம் இப்போதுதான் சரியாகத் தெரிந்திருக்கக்கூடும்.

அமெரிக்காவில் இந்த அளவுகளை எவரும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். வெருகலிலிருந்து கிண்ணியா வரை ஒவ்வொரு காணியின் உயரமும் அப்படித் திறந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஓர் அணைக்கட்டைத் திருத்தும் செலவோடு பார்த்தால் விமானம் பறப்பது பெரிய செலவல்ல. வீடு கட்டும்போது வாசல் எந்தத் திசை என்று மனையடி சாஸ்திரம் பார்க்கிறோம், நாளும் நேரமும் பார்க்கிறோம். அத்திவாரம் கடல்மட்டத்துக்கு எத்தனை அடி மேலே என்று கேட்பவரைக் காண்பது அரிது. அந்த ஒரு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

தம்பிக்கு ஒரு வழி உண்டு. பதிவுபெற்ற நில அளவையாளரைக் கொண்டு உயரச் சான்றிதழ் எடுக்கட்டும். வீட்டுச் சுவரைத் தொடும் மண்ணின் மிகத் தாழ்ந்த இடம் கணிக்கப்பட்ட வெள்ளமட்டத்துக்குக் குறையாமல் இருந்தால், அந்த வீட்டை வலயத்திலிருந்து நீக்கக் கோரி விண்ணப்பிக்கலாம். நீக்கப்பட்டாலும் காப்புறுதியை விடாதீர்கள் என்றே சொல்வேன். அங்கே சாதாரண வீட்டுக் காப்புறுதி வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. தாமாக வெள்ளக் காப்புறுதி எடுப்பவர்களுக்குப் பொதுவாக 30 நாட்கள் கழித்தே அது நடைமுறைக்கு வரும். புயல் கிளம்பிய செய்தி கேட்டபின் ஓடிப்போய் எடுக்க முடியாது.