ஏடிஎச்டி உள்ள பிள்ளைக்குப் பள்ளியில் என்ன உரிமை? எந்தச் சான்றிதழ் எதற்கு?

டாக்டர் ‘ஏடிஎச்டி’ (கவனம் நிற்காமல், அதிகத் துறுதுறுப்போடு இருக்கும் குறைபாடு) என்று எழுதிக் கொடுத்த அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்டால், பெரும்பாலும் கிடைக்காது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு. ஏடிஎச்டி பெயர் இல்லை. மருத்துவக் குழு வரை போய்ப் பல பெற்றோர் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான்.

ஆனால் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதிக்கும் ஆர்பிஎஸ்கே என்ற மத்திய அரசின் குழந்தை நலத் திட்டத்தின் பட்டியலில் ஏடிஎச்டி இருக்கிறது! அரசுப் பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொன்னால், மேற்பரிசோதனைக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். கட்டணம் கிடையாது.

சான்றிதழ் வேண்டுமென்றால், கற்றல் குறைபாடும் இருக்கிறதா என்று தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். ஏடிஎச்டி உள்ள பிள்ளைகள் பலருக்கு வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ இதுவும் சேர்ந்தே இருக்கும். பொதுவாக 8 வயதுக்கு முன் இதற்குச் சான்று தருவதில்லை. அந்த வயதுக்குக் கீழே, தாமதமாகப் படிக்கும் பிள்ளையையும் குறைபாடுள்ள பிள்ளையையும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. வாங்கிய சான்றிதழில் மறுமதிப்பீட்டுத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். அது காலாவதியானது தேர்வு நேரத்தில் தெரியவந்தால் அலைச்சல்தான்.

சான்றிதழே இல்லாவிட்டாலும் கையில் இரண்டு பிடிகள் உண்டு. முதலாவது, 6 முதல் 14 வயது வரை கல்வி உரிமைச் சட்டம் 2009. எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை பிள்ளையைப் பள்ளியைவிட்டு வெளியேற்றக் கூடாது (பிரிவு 16). அடிக்கவோ மனரீதியாகத் துன்புறுத்தவோ கூடாது (பிரிவு 17). ‘சேட்டை தாங்கவில்லை, டிசி வாங்கிக்கொள்ளுங்கள்’ என்ற பேச்சு வந்தால் நினைவூட்ட வேண்டியது இவற்றைத்தான். 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. இரண்டாவது, 2016 சட்டத்தின் பிரிவு 16. அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் உள்ள பள்ளிகள், மாற்றுத்திறனுள்ள மாணவரின் தேவைக்கேற்ற ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்கிறது அது. மாற்றுத்திறனாளி யார் என்று சொல்லும் பிரிவு 2(எஸ்) அட்டவணையைக் குறிப்பிடவில்லை, பல சலுகைகளுக்குக் கேட்கப்படும் 40 சதவீதக் குறைபாட்டு அளவையும் கேட்கவில்லை. நீண்டகால மனநலக் குறைபாட்டையும் சேர்த்தே சொல்கிறது. ஏடிஎச்டிக்கு இதை வைத்து வாதாட இடமுண்டு. பள்ளி உடனே ஒப்புக்கொள்ளும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

பள்ளி திறப்பதற்கு முன்பே தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘தகுந்த சலுகை வழங்கவும்’ என்று முடித்தால் அது கோப்பில் தூங்கும். முதல் வரிசையில், ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி இடம். வீட்டுப்பாடத்தைப் பலகையில் எழுதிப்போடுதல். ஒரு பீரியடுக்கு ஒருமுறை எழுந்து நடக்க அனுமதி. மதிய மாத்திரையை யார் கொடுப்பது. இப்படி வேண்டியதை ஒவ்வொன்றாக எழுதுங்கள். மருத்துவ அறிக்கையிலும் நோயின் பெயர் மட்டும் போதாது. ‘தொடர்ந்து எழுதும்போது இத்தனை நிமிடத்தில் கவனம் சிதறுகிறது, வாய்மொழிக் கட்டளை இரண்டுக்கு மேல் நினைவில் நிற்பதில்லை’ என்ற மாதிரி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஆசிரியருக்கு உதவுவது அந்த வரிகள்தான்.

பொதுத்தேர்வுக்குக் கூடுதல் நேரமோ சொல்வதை எழுதுபவரோ வேண்டுமென்றால் ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளி மூலம் பேச்சைத் தொடங்குங்கள். மணிக்கு 20 நிமிடம் என்பது மத்திய அரசின் தேர்வு வழிகாட்டுதலில் உள்ள அளவு. 3 மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடும். 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும், எழுதச் சிரமம் உள்ளவருக்கு எழுதுபவரை மறுக்க முடியாது என்று 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கேயும் எழுதும் சிரமத்துக்கு மருத்துவச் சான்று கேட்பார்கள். ‘கவனம் நிற்கவில்லை’ என்பது மட்டும் அதற்குப் போதாது.