கண்தானம் பற்றிப் பேசப் போகிறவர்களுக்கு

கொழும்பில் கோயில் மண்டபங்களிலும் பழைய மாணவர் சங்கக் கூட்டங்களிலும் கண்தானம் பற்றிப் பேசும்படி பலர் அழைக்கப்படுகிறார்கள். கண் வைத்தியர் என்ற முறையில் நானும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பேசி வருகிறேன். மற்றவர்களின் பேச்சையும் கேட்டிருக்கிறேன். உருக்கத்துக்கு எங்கும் குறைவில்லை. பேச்சு முடிந்ததும் மக்கள் வரிசையில் நின்று படிவம் நிரப்புகிறார்கள். ஆனால் அவற்றுள் பல, நிரப்பியவர் கண்மூடும் நாளில் எவர் நினைவுக்கும் வராமல் அலுமாரிக்குள்ளேயே கிடந்துவிடுகின்றன. மக்களுக்கு மனமில்லை என்று இதற்குக் காரணம் சொல்ல மாட்டேன். பேச்சாளர் அவர்களிடம் கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் மேடையிலிருந்து இறங்கிவிடுகிறார்.

இறந்தவரின் விழிவெண்படலத்தை, அதாவது கண்ணின் முன்புறத்திலுள்ள தெளிந்த படலத்தை (கோர்னியா), 4 முதல் 6 மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் அந்த நேரம் எப்படிக் கழிகிறது என்பது வைத்தியசாலை விடுதி வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். தகப்பனார் அதிகாலை 2 மணிக்குக் காலமாகிறார். மூத்த மகன் ரொறன்ரோவில். அங்கே அப்போது முதல் நாள் பின்னேரம், அவர் வேலையில் நிற்கிறார். மகள் இலண்டனில். தாயார் பேசும் நிலையில் இல்லை. மருமகன் ஒரு கையில் தொலைபேசியும் மறுகையில் வைத்தியசாலைப் பத்திரங்களுமாக மலர்ச்சாலைக்காரருடன் பேசிக்கொண்டிருக்கிறார். அந்த வேளையில் கண்தானம் பற்றி யாராவது நினைவூட்டினால், "அண்ணாவைக் கேட்டுத்தான் சொல்ல வேணும்" என்ற பதில்தான் வரும். அண்ணா தொலைபேசியை எடுப்பதற்குள் உடல் மலர்ச்சாலைக்குப் போய்விடும். மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவது பற்றிய 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் எழுத்துமூலமான சம்மதத்தை ஏற்கிறதுதான். ஆயினும் துக்கத்தில் நிற்கும் குடும்பம் வேண்டாமென்றால் நாங்கள் வற்புறுத்துவதில்லை.

ஆகவே மேடையில் கேட்க வேண்டிய முதல் உதவி, வீட்டில் ஒரு பேச்சு. அதைப் பொதுப்படையாகச் சொன்னால் எவரும் செய்வதில்லை. நான் இப்படிக் கேட்பது வழக்கம்: "இன்றிரவு சாப்பிட்டு முடிந்ததும், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு கோல் எடுங்கோ. நான் கண் கொடுக்க எழுதியிருக்கிறன், அந்த நேரம் ஒருத்தரும் மறுக்கக் கூடாது, உடனே அறிவியுங்கோ என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கோ." யார், எப்போது, யாரிடம், என்ன சொல்வது என்பது நான்கும் அதில் இருக்கின்றன. சபையினர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே யாரை அழைப்பதென்று மனத்துக்குள் தீர்மானித்துவிடுகிறார்கள்.

இந்த நாட்டில் கண்தானம் வளர்ந்ததே சொல்லின் வலிமையால்தான். ஹட்சன் சில்வா மருத்துவ மாணவராக இருந்தபோது, 1958 இல், சிங்களப் பத்திரிகையொன்றில் எழுதிய வேண்டுகோளே அதன் தொடக்கம். 1960 இல் அவருடைய தாயார் இறந்தபோது, அந்த அம்மையாரின் விழிவெண்படலம் ஓர் ஏழை விவசாயிக்குப் பொருத்தப்பட்டது. 1961 இல் இலங்கைக் கண்தானச் சங்கம் உருவாயிற்று. 1964 இல் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. பின்னர் 50 க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அவை சென்றன. ஊராரிடம் கேட்டதைத் தன் தாயின் கண்ணைக் கொடுத்துச் செய்துகாட்டிய மனிதர் என்பதால் அவருடைய சொல்லுக்கு மதிப்பிருந்தது. பேசப் போகிறவர் முதலில் தாம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தம் வீட்டாரிடமும் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மேடையை வேறொருவருக்கு விட்டுக்கொடுப்பதே முறை.

பௌத்தச் சபையில் கண்ணையே தானம் செய்த சிவி மன்னனின் ஜாதகக் கதையை, புத்தரின் முற்பிறப்புக் கதையை, அறியாதவர் இல்லை. நம்மிடையே பேச்சாளர்கள் உடனே கண்ணப்ப நாயனாரை அழைத்துவிடுகிறார்கள். கதை அருமையானது, ஆனால் அதை அளவோடு சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. கண்ணப்பர் உயிரோடிருக்கும்போதே கண்ணை அகழ்ந்து அப்பினார். அதைக் கேட்கும் முதியவர் உள்ளுக்குள் நடுங்குகிறார். நாம் கேட்பதோ மரணத்துக்குப் பின், வலியில்லாமல், ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில் முடியும் ஒரு காரியம். முகம் விகாரப்படாது, இமை மூடியபடியே இருக்கும், பெட்டியில் வைத்துப் பார்வைக்கு விடுவதில் எந்தத் தடையுமில்லை. இதைச் சொன்னதும் மண்டபத்தின் இறுக்கம் தளர்வதைக் கண்ணால் காணலாம்.

ஒருமுறை வயதான அம்மா ஒருவர் எழுந்து, "பிள்ளை, அடுத்த பிறவியில கண் தெரியாமல் பிறப்பமோ?" என்று கேட்டார். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கத்தக்க கேள்வியல்ல அது. அங்கிருந்த பலரின் கேள்வியை அவர் துணிந்து கேட்டார். "அம்மா, தகனம் செய்தால் கண்ணும் சேர்ந்துதானே எரிகிறது, அதனால் குறையோடு பிறப்போம் என்று நாங்கள் நினைக்கிறதில்லையே" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று அமர்ந்தார். மறுப்பை மேடையிலேயே வரவேற்று விடை கூறுவது, பத்து நிமிட உருக்கத்தைவிடப் பயன் தரும்.

மிகைப்படுத்துவது தவறு. "உங்கள் கண்ணால் எல்லாப் பார்வையிழந்தோரும் காண்பார்கள்" என்று சொல்வது உண்மையல்ல. பொருத்தப்படுவது கண்ணின் முன்புறமுள்ள ஒளி ஊடுபுகும் படலம் மட்டுமே. விழித்திரையோ பார்வை நரம்போ பழுதுபட்டவர்களுக்கு அதனால் பயனில்லை. விழிவெண்படலம் கலங்கியவர்களுக்கு அது மறுவாழ்வு. ஒருவரின் இரு கண்களும் பெரும்பாலும் இருவருக்குப் பயன்படும். மூக்குக் கண்ணாடி அணிந்தவர்களும், கற்றரக்ட் சத்திரசிகிச்சை செய்தவர்களும், நீரிழிவு உள்ளவர்களும் கொடுக்கலாம், எச்.ஐ.வி., விசர்நாய்க்கடி நோய், இரத்தப் புற்றுநோய் போன்றவற்றால் இறந்தவர்களிடமிருந்து எடுப்பதில்லை. இவற்றையும் சொல்லிவிட்டால் பிறகு எவரும் ஏமாற மாட்டார்கள்.

பேச்சு முடிந்ததும் வாசலருகே மேசை போட்டு இருவரை இருத்துங்கள். படிவத்தோடு ஒரு துண்டுத் தாளும் கொடுக்க வேண்டும். அறிவிக்க வேண்டிய தொலைபேசி இலக்கத்தையும், மரணம் நேர்ந்ததும் செய்ய வேண்டிய மூன்று காரியங்களையும் அதில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்: இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்தல், தலையைத் தலையணையில் சற்று உயர்த்துதல், மின்விசிறியை நிறுத்துதல். அதைச் சுவர் நாட்காட்டியின் பக்கத்தில் ஒட்டும்படி ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புங்கள்.