பினாங்கில் பூக்கள் நாள் பார்ப்பது எப்படி?

ஜூன் பிறந்துவிட்டால் குளிர்நாடுகளில் இருக்கும் சொந்தக்காரர்களிடமிருந்து பூப்படங்கள் வரத் தொடங்கிவிடும். ரோஜா, டேலியா, லாவெண்டர், ஆளுயரச் சூரியகாந்தி. பதிலுக்குப் பட்டர்வொர்த்திலும் ஆயர் ஈத்தாமிலும் தோட்டம் வைத்திருப்பவர்கள் எதை அனுப்புவது? இங்கே செம்பருத்தி ஜூனிலும் பூக்கிறது, டிசம்பரிலும் பூக்கிறது. மல்லிகையைக் கவாத்து செய்துவிட்டால் எந்த மாதமானாலும் புதுக்கிளை நுனியில் மொட்டு வைக்கிறது. கோடை என்று தனியாக ஒன்று வந்தால்தானே கோடைப்பூ என்று பிரித்துச் சொல்ல முடியும்?

ஆனால் எல்லாச் செடியும் செம்பருத்தி மாதிரி இல்லை. புறா ஆர்க்கிட்டைப் பாருங்கள். மாதக்கணக்கில் வெறும் தண்டும் இலையுமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு நாள் காலையில் செடி முழுக்க வெள்ளைப்பூ, தெரு வரைக்கும் வாசனை. அதே காலையில் அடுத்த தாமானிலும் (குடியிருப்புப் பகுதியிலும்) பூத்திருக்கும். சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் கிளையில் யாரும் வைக்காமல் தானாக ஒட்டி வளர்ந்த செடியிலும் பூத்திருக்கும். படம் எடுத்து அனுப்பினால், "எங்க வீட்டுலயும் இன்னைக்குத்தான்!" என்று நாலு பேர் பதில் போடுவார்கள். இருட்டுவதற்குள் எல்லாம் வாடிவிடும். இத்தனை செடிகளுக்கும் தேதி குறித்துக் கொடுத்தது யார்?

புறா ஆர்க்கிட் செடிகள் எல்லாம் ஒரே நாளில் மொட்டு வைப்பதில்லை. ஒவ்வொன்றும் தன் வசதிக்கு, வெவ்வேறு வாரங்களில் வைக்கிறது. ஆனால் எந்த மொட்டும் ஒரே மூச்சில் வளர்ந்து பூவாவதில்லை. குறிப்பிட்ட ஒரு நிலை வந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். பள்ளி ஓட்டப்பந்தயத்தில் முதலில் வந்தவனும் கடைசியில் வந்தவனும் ஒரே கோட்டில் விசிலுக்குக் காத்து நிற்பதுபோல, மூத்த மொட்டும் இளைய மொட்டும் அந்த நிலையிலேயே காத்துக் கிடக்கும்.

விசில் எது? மழை என்றுதான் முதலில் தோன்றும். பெரிய மழைக்கு அப்புறம்தான் இது பூக்கும் என்பது பழைய தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மழை இதில் இடைத்தரகர் மட்டுமே. பிற்பகலில் இடியோடு மழை அடித்தால் வெப்பம் சட்டென்று இறங்குகிறது; 32 டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்த இடம் சிறிது நேரத்தில் 25க்கு வந்துவிடும். செடி கவனிப்பது இந்த இறக்கத்தைத்தான். சுமார் 5 டிகிரிக்கு மேல், அதுவும் வேகமாக இறங்க வேண்டும். ஜாவாவின் போகோரில் கோஸ்டர் என்ற ஆய்வாளர் 1920களிலேயே இதை ஆராய்ந்தார். மழையே இல்லாமல் குளிர்ச்சியை மட்டும் கொடுத்தாலும் மொட்டு விழித்துக்கொள்கிறது. தினமும் பூவாளியால் தண்ணீர் ஊற்றினாலும் பூக்காத செடி, ஒரு புயல்மழைக்குப் பூப்பது இதனால்தான்.

விழித்த மொட்டு மறுபடி வளரத் தொடங்கி, ஒன்பதாம் நாள் விரிகிறது. பெரிய மழை வந்த அன்று நாட்காட்டியில் குறித்து வைத்து எண்ணிப் பாருங்கள். அநேகமாகச் சரியாக இருக்கும். இதன் உறவுக்கார ஆர்க்கிட்கள் சிலவற்றுக்குக் கணக்கு ஒன்றிரண்டு நாள் முன்பின் மாறும். மழைமேகம் எவ்வளவு தூரத்துக்குக் குளிர்ச்சியைப் பரப்பியதோ, அவ்வளவு தூரத்துக்கு ஒன்பதாம் நாள் பூ. தீவில் பூத்து, பாலத்துக்கு அந்தப்பக்கம் பெருநிலத்தில் பூக்காமல் போவதும் உண்டு.

இந்தக் கட்டுப்பாடு எதற்கு? பூவின் ஆயுள் ஒரே நாள். ஆர்க்கிட்டின் மகரந்தம் தூளாகப் பறக்காது. சிறு கட்டியாக இருக்கும், தேனீயின் முதுகில் ஒட்டிக்கொண்டுதான் இன்னொரு செடிக்குப் போக வேண்டும். அந்த இன்னொரு செடி நாளைக்குப் பூத்தால் இன்றைய பூ வீண். ஒரு நாள் வாழ்க்கைக்கு முகூர்த்தம் பிசகக் கூடாது.

சரி, இது மொட்டு விரிகிற கதை. மொட்டு வைப்பது என்பது வேறு முடிவு. பெரும்பாலான செடிகளில் கதையே அங்கேதான் இருக்கிறது.

குளிர்நாட்டுத் தோட்டத்தில் அந்த முடிவுக்குப் பெரும்பாலும் பகல் நீளம்தான் கடிகாரம். லண்டனில் ஜூன் பகல் பதினாறரை மணி நேரம், டிசம்பர் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. பருவத்தைத் தெரிந்துகொள்ள இதைவிட நம்பகமான அடையாளம் கிடையாது. வெயில் ஒரு வருஷம் முந்தும், ஒரு வருஷம் பிந்தும், ஒரு தேதிக்கு உரிய பகல் நீளம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறவே மாறாது. 1920இல் கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் புகையிலையையும் சோயாவையும் வைத்து இதை நிறுவினார்கள். அப்புறம் 1938இல் இன்னொரு திருப்பம்: நீண்ட இரவின் நடுவே கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டாலே, இரவு நீண்டால் மட்டும் பூக்கும் செடிகள் குழம்பிப் பூக்காமல் நின்றுவிடுகின்றன. ஆக, செடி உண்மையில் அளப்பது பகலை அல்ல, இடையறாத இருட்டை. இலையில் இருக்கும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி, சிவப்பொளி பட்டால் ஒரு வடிவத்துக்கும் இருட்டில் மெல்ல வேறு வடிவத்துக்கும் மாறும். செடியின் உள்கடிகாரத்துக்கு விடிந்ததையும் இருட்டியதையும் சொல்வது அதுதான்.

பினாங்கு 5.4 பாகை வடக்கில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் 37 நிமிடம்தான். கோலாலம்பூரில் இன்னும் குறைவு, சுமார் 22 நிமிடம். சென்னையிலேகூட ஒன்றரை மணி நேரம் வரும். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை ஒரு செடி எப்படிக் கண்டுபிடிக்கும், இந்தக் கணக்கெல்லாம் இங்கே செல்லாது என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் மலாக்காவில் ஒரு நெல் இதைப் பொய்யாக்கியது. சியாம் 29 என்ற அந்த ரகத்தை செப்டம்பரில் விதைத்தால் 161 நாளில் பூக்கும். ஜனவரியில் விதைத்தால் 329 நாள் ஆகும்! மலாக்காவில் பகல் நீளம் ஆண்டு முழுக்க மாறுவதே கால் மணி நேரம்தான். 1959இல் இந்த ஆய்வு வெளியானது. நிமிடக் கணக்கில் இருட்டை எண்ணும் பயிர்கள் நிலநடுக்கோட்டுப் பக்கமும் உண்டு என்று காட்டிய ஆய்வு இது.

இந்த இருட்டுக் கணக்கைக் காசாக்குவது எப்படி என்று கேமரன் மலைக்குப் போனால் பார்க்கலாம். இரவில் மலைச்சரிவுகளில் பிளாஸ்டிக் கூடாரங்கள் வரிசையாக ஒளிரும். முதல்முறை பார்ப்பவர்கள் செடிக்குச் சூடு காட்டுகிறார்கள் என்று நினைப்பார்கள். உள்ளே இருப்பது செவ்வந்தி, இரவு நீண்டால் பூக்கும் செடி. நம் பக்கம் இரவு எப்போதும் ஏறக்குறைய 12 மணி நேரம். செவ்வந்திக்கு அது தாராளமான நீளம். விட்டுவிட்டால் சாண் உயரத்திலேயே பூத்துத் தொலைக்கும், சந்தையில் யார் வாங்குவார்கள்? அதனால் தண்டு வேண்டிய உயரம் வரும்வரை இரவில் விளக்கைப் போட்டு இருட்டைத் துண்டாடுகிறார்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொத்துக் கொத்தாகப் பூ. வீட்டில் செவ்வந்தித் தொட்டி வைத்திருப்பவர்கள் அது பூக்கவில்லை என்று உரத்தைக் கொட்டுவதற்கு முன், ராத்திரி முழுக்க வாசல் விளக்கு அதன்மேல் விழுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

இருட்டையும் குளிரையும் போல, தண்ணீர்ப் பஞ்சமும் ஒரு அறிவிப்புதான். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் மற்ற மாதங்களைவிட வறண்டிருக்கும். நம் தோட்டங்களில் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்வது காகிதப்பூ. அதில் நாம் ரசிக்கும் நிறமெல்லாம் பூ இல்லை, நிறம் மாறிய இலைகள். நடுவில் சின்னக் குழல் மாதிரி வெள்ளையாக இருப்பதுதான் பூ. இதைவிட ஆச்சரியம் அதன் முள். காகிதப்பூவில் முள்ளும் பூங்கொத்தும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. இலைக்கக்கத்தில் இருக்கும் அதே குருத்து முள்ளாகவும் ஆகலாம், பூவாகவும் ஆகலாம். தண்ணீரும் தழைச்சத்து உரமும் தாராளமாகக் கிடைத்துச் செடி மதமதவென்று வளரும்போது ஜிப்பரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் கை ஓங்குகிறது. குருத்து முள் பக்கம் சாய்கிறது. மண் காய்ந்து, வெயில் உறைத்து, வளர்ச்சி தடைப்படும்போது சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோனின் பக்கம் தராசு இறங்கி, பூ வருகிறது. அன்பாக இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிற வீட்டில் முள்ளும், சாலை நடுவே யாரும் கவனிக்காத சிமெண்டுத் தொட்டியில் பூவும் இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான். இலை லேசாகத் துவளும்வரை விட்டுவிட்டுத் தண்ணீர் காட்டுங்கள். சின்னத் தொட்டியே போதும்.

தெகோமா மரமும் வறட்சியை நம்பித்தான் இருக்கிறது. அது தன் இலையைக் கொட்டிவிடுகிறது. இலை போனால் நீர் ஆவியாவது நின்று, தண்டில் மறுபடி ஈரம் ஊறி, காத்திருந்த மொட்டுகள் பருக்கின்றன. அப்போது ஒரு மழை விழுந்தால் மரமே இளஞ்சிவப்பாக மாறும். பத்திரிகைகள் வருஷா வருஷம் இதை "மலேசியாவின் சாகுரா" என்று எழுதுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. சாகுரா என்ற ஜப்பானியச் செர்ரியின் மொட்டு விழிக்க முழுக் குளிர்காலம் வேண்டும். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மரம் குளிர்காலம் என்ற ஒன்றையே கண்டதில்லை.

சாலையில் மஞ்சள் கம்பளம் விரிக்கும் அங்சானா, நம் வேங்கைக்கு நெருங்கிய உறவு. வேங்கை பூத்ததைப் பார்த்துத் தினை கொய்யும் காலம் வந்தது என்று குறிஞ்சி நில மக்கள் முடிவு செய்ததாகச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. மரத்தைப் பார்த்து மனிதன் நாள் குறித்தான். மரம் எதைப் பார்த்துக் குறித்தது என்பதற்குத்தான் ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது.

இலை எதையோ உணர்கிறது, ஆனால் பூப்பது கிளை நுனி. நடுவில் சேதி கொண்டுபோவது யார்? ரஷ்யாவில் சாய்லாக்யான் என்பவர் 1930களில் அந்தத் தூதுவனுக்கு ஃபுளோரிஜென் என்று பெயர் மட்டும் வைத்துவிட்டுப் போனார். ஆளைப் பிடிக்க எழுபது ஆண்டு ஆனது. இலையில் உருவாகி, செடியில் உணவைக் கடத்தும் குழாய்கள் வழியாக நுனிக்குப் போகும் எஃப்.டி. என்ற சிறு புரதம்தான் அது என்று 2007இல் நெல்லிலும் கடுகுக் குடும்பச் செடி ஒன்றிலும் உறுதியானது. இருட்டோ குளிரோ வறட்சியோ, செடிக்குச் செடி அறிவிப்பு மாறலாம். ஆனால் இந்தப் புரதமும் அதன் உறவுகளும் பூக்கும் தாவரங்கள் எங்கும் இருக்கின்றன.

பினாங்கு மலைக்காட்டில் இருக்கும் செராயா மரத்திலும் இருக்கின்றன. மெராந்தி வகையைச் சேர்ந்த பெருமரம் இது. முகட்டு வரிசையில் சாம்பல் பூத்த உச்சியோடு தூரத்திலிருந்தே தெரியும். இந்தக் குடும்பத்து மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகள் சும்மா நின்றுவிட்டு, திடீரென்று காடு முழுக்கச் சேர்ந்து பூக்கும். மலேசியத் தாவர ஆய்வாளர் சிம்மாத்திரி அப்பண்ணாவும் அமெரிக்காவில் பணியாற்றிய இரண்டு ஆய்வாளர்களும் 1988இல் ஒரு விளக்கம் வைத்தார்கள்: தொடர்ந்து சில இரவுகள் வழக்கத்தைவிட 2 டிகிரி போல வெப்பம் குறைவதுதான் தூண்டுதல். எல் நினோ ஆண்டுகளில் வானம் தெளிந்து, மேகப் போர்வை இல்லாத இரவில் நிலத்தின் சூடு மேலே போய்விடுவதால் இது நடக்கும். 2017இல் செராயா மரத்தில் எஃப்.டி. புரதத்தை உருவாக்கும் மரபணுவைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு, குளிர் மட்டும் போதாது, வறட்சியும் கூடச் சேர வேண்டும் என்று அந்தக் கணக்கைத் திருத்தியது.

இத்தனை மரங்கள் ஒரே சமயத்தில் பூத்தால் மகரந்தத்தைச் சுமக்க அவ்வளவு பூச்சிக்கு எங்கே போவது? இதற்கும் அப்பண்ணாவும் இன்னொருவரும் 1981இல் விடை கண்டார்கள்: இலைப்பேன். நம் மிளகாய்ச் செடியின் இலையைச் சுருட்டித் திட்டு வாங்கும் அதே வகைப் பூச்சிதான். மெராந்தி மொட்டுகளுக்குள்ளேயே குஞ்சு பொரித்து, சில வாரங்களில் கணக்கில்லாமல் பெருகிவிடும். ஒரு இனம் பூத்து முடிக்கும் நேரத்தில் அடுத்த மெராந்தி இனம் தொடங்கும். பெருகிய பூச்சிக்கூட்டம் அதற்கு மாறிக்கொள்ளும். பூப்பதில் இப்படி முன்பின் இருந்தாலும் காய்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முற்றி விழுகின்றன. காட்டுப்பன்றியும் அணிலும் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு விழுவதால்தான் கொஞ்சமாவது முளைக்கிறது.